கழுதைகள் குறுக்கே வந்த சனிக்கிழமை

அன்பான பங்கு மக்களே, ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கேட்டவற்றில் பலதை அவர் நான் கேட்டபடி தரவில்லை.

நான் அம்புலன்ஸில் வேலை செய்கிறவள். நோயாளிக்கு முதல் சிகிச்சை கொடுத்து, ஆஸ்பத்திரி வரைக்கும் பக்கத்தில் இருப்பது என் பொறுப்பு. விபத்து, மாரடைப்பு, பாம்புக்கடி எதற்கும் நான் அசைந்ததில்லை. பிள்ளைகள் என்றால் மட்டும் கை நடுங்கும். அந்தச் சின்ன மூக்கு, சின்ன நெஞ்சு! மூச்சுக்கு வைக்கிற பெரியவர்களின் ஒட்சிசன் முகமூடியை வைத்தால் கண்ணையும் சேர்த்து மூடிவிடும். எது பொருந்தும் என்று தடவிக்கொண்டு நிற்பேன். தினமும் காலையில் மாதா படத்துக்கு முன் நின்று, "அம்மா, இண்டைக்குப் பிள்ளை ஒண்டும் வேண்டாம்" என்று மன்றாடுவேன். இந்த வேலையே வேண்டாம் என்று அழுத நாட்களும் உண்டு.

அந்த மன்றாட்டுக்குப் பதிலாக வந்தது ஒரு பயிற்சி. பிள்ளைகளுக்கான அவசர சிகிச்சையில் புதிதாக வந்த முறைகளைப் படிப்பித்தார்கள். பிள்ளையின் நீளத்தை ஒரு நாடாவால் அளந்தால் போதும், எந்த அளவு முகமூடி என்று அதிலேயே இருக்கும். பிள்ளைகளின் அளவு முகமூடிகளும் கருவிகளும் உள்ள பை எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் திறந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையைத் தாயின் மடியில் வைத்துக் கொண்டுபோகவே கூடாது. படுக்கையில் கிடத்தி, இரண்டு தோளுக்கும் இடுப்புக்கும் பெல்ட் போட வேண்டும்.

எங்கள் ஊரில் இது நடக்கிற காரியமா? காய்ச்சல்காரப் பிள்ளை என்றால் மடிதான். பஸ்ஸிலும் மடி, ஓட்டோவிலும் மடி, அம்புலன்ஸிலும் மடி. நாங்களும் அப்படித்தான் ஏற்றிவந்தோம். ஆனாலும் ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்கையில் கட்டிக் கட்டிப் பழகினேன். எங்கள் வண்டிச் சாரதி ஒரு முஸ்லிம் அண்ணன், 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். அவர் சும்மா இருப்பாரா? "என்ன தங்கச்சி, பொம்மைக்குக் காய்ச்சல் இறங்கிட்டா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நறுவிலிக்குளத்திலிருந்து அழைப்பு வந்தது. மூன்று வயதுப் பெண்பிள்ளை, காய்ச்சலில் வலிப்பு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வலிப்பு விட்டிருந்தது. ஆனால் பிள்ளை கண் திறக்கவில்லை, மூச்சும் சரியில்லை. உதடு நீலம். எனக்கு உயிரே போய்விட்டது. "ஆண்டவரே, என் கையைப் பிடியும்" என்று மட்டும் சொன்னேன். நாடாவை விரித்தேன். சரியான முகமூடி கையில் வந்தது, அந்தச் சின்ன முகத்தில் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. ஒட்சிசன் போகப் போக உதட்டின் நீலம் குறைந்தது. என் கை நடுங்கவே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

பெல்ட்டை எடுத்ததும் தாய் என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஐயோ மிஸ், கட்டாதேங்கோ! என்ர பிள்ளைய என்ர மடியில தாங்கோ. பெத்தவள் என்னை விடவா இந்த வார் காப்பாத்தும்?"

"தங்கச்சி, கோவிச்சாலும் பரவாயில்லை, நான் தரமாட்டன். நீங்களும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில இருங்கோ."

அவள் என்னைத் திட்டித் திட்டித்தான் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்கென்று எடுத்த கண்ணாடிச் சுடுதண்ணிப் பிளாஸ்க் போத்தலை மடியில் வைத்து, பிள்ளையைக் கட்டிப்பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதைப் பார்க்க, பெரிய பாவம் செய்கிறேனோ என்று மனம் தவித்தது.

ஆஸ்பத்திரி இருக்கிற தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறியதும் கண்ணை மூடி, "ஆண்டவரே, பாதையில் ஒரு தடையும் வராமல் பாரும்" என்று கெஞ்சினேன். பாலம் வெறுமையாக இருந்தது. தீவுக்குள் நுழைந்த சற்று நேரத்தில், அங்கே தெருவெல்லாம் சும்மா திரிகிற கழுதைகள்! கூட்டமாகக் குறுக்கே ஓடின.

"யா அல்லாஹ்!" என்று நானா பிரேக்கை அமுக்கினார்.

தாயின் கையிலிருந்த போத்தல் பறந்துபோய் முன்பக்கத் தகட்டில் அடித்துச் சிதறியது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள், அப்படியும் கையில் நிற்கவில்லை. பிள்ளை படுக்கையில் கிடத்திய இடத்திலேயே இருந்தாள். முகமூடிகூட விலகவில்லை. அதிர்ச்சியில் விழித்து, வண்டியே அதிர அழத் தொடங்கினாள். அந்த அழுகையை விட இனிமையான பாட்டை நான் கேட்டதில்லை.

தாய் உடைந்த போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ், அந்த இடத்தில என்ர பிள்ளையெல்லோ இருந்திருக்கும்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து விம்மி விம்மி அழுதாள். நானும் அழுதேன்.

பிள்ளை சுகமாகி வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது தாய்தான் ஊரில் மற்றத் தாய்மாருக்குப் பெல்ட்டைப் பற்றிப் படிப்பிக்கிறாள். நானாவும் பொம்மையைப் பற்றி வாய் திறப்பதில்லை, "பிள்ளைக்குப் பெல்ட் போட்டாச்சா?" என்று கேட்காமல் வண்டியை எடுக்கவும் மாட்டார்.

பிள்ளை வேண்டாம் என்றேன், அனுப்பினார். பாதை வெறுமையாக இருக்கட்டும் என்றேன், கழுதைகளை விட்டார். ஆனால் இரண்டுக்கும் முன்பே என் கைக்குப் பழக்கத்தைத் தந்திருந்தார். நான் கேட்கத் தெரியாமல் கேட்டேன், அவர் கொடுக்கத் தெரிந்து கொடுத்தார். அவருக்குக் கோடி தோத்திரம். இப்போது காலையில் பிள்ளைகளின் பையைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் மாதாவுக்கு முன் நிற்கிறேன்.

அம்மாமாரே, உங்கள் பிள்ளைக்கு ஒரு நாளும் அம்புலன்ஸ் தேவைப்படக் கூடாது. தேவைப்பட்டால், பயப்படாமல் மடியிலிருந்து இறக்கி என்னிடம் தாருங்கள். பெல்ட்டை இறுக்கியதும், இருவரும் சேர்ந்தே செபிப்போம்.