கீழ்நூல்

ஊரூர் குப்பத்து ரோஸி பல வருடம் ரோட்டோரத்தில் மீன் விற்றாள். பிறகு வீட்டுக்கு ஒரு மோட்டார் தையல் மிஷின் வந்தது. அடையாறில் ஒரு கடைக்கு, மார்பில் எலாஸ்டிக் சுருக்கம் வைத்த குழந்தை கவுன்கள் தைக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து மீன் கூடை அவள் கொழுந்தன் மனைவி ஏஞ்சலின் தலைக்குப் போனது. மருமகள்களில் ஒருத்தி மிஷினில் உட்காரலாம், இன்னொருத்தி வெயிலில் உட்கார வேண்டும். மாமியார் வைத்த ஏற்பாடு அது.

நாற்பது தாண்டியதும் ரோஸியின் தையல் வரிகள் கோணின. கடைக்கார அம்மாள் சில கவுன்களைத் திருப்பி அனுப்பினாள். மாமியார் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே, ஏஞ்சலுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, இனி அவள் தைக்கட்டும், ரோஸி மீனுக்குப் போகட்டும் என்றாள். ஏஞ்சல் ஒரு கவுன் தைத்துக் காட்ட வேண்டும். கடைக்குப் பிடித்தால் மிஷின் அவளுக்கு. கற்றுக்கொடுக்க வேண்டியது ரோஸி.

ரோஸி மறுக்கவில்லை. மேலே சாதா நூல், கீழே பாபின் என்ற சின்ன உருளையில் எலாஸ்டிக் நூல். தையல் நீளமாக விழ வேண்டும். முதல் வரி சுருங்கவில்லையே என்று பயப்படக் கூடாது, வரி கூடக்கூடத்தான் சுருங்கும். சொன்னதெல்லாம் உண்மை. எலாஸ்டிக் நூலை மட்டும் இழுக்காமல், பாபினில் கையால் தளர்வாகச் சுற்ற வேண்டும். ரோஸி எப்போதும் அப்படித்தான் சுற்றுவாள்.

“மிஷின்லயே சுத்து. டைட்டா இருந்தாத்தான் நிக்கும்,” என்றாள்.

கவுன் அழகாக வந்தது. ரோஸி தைப்பதைவிட நெருக்கமான சுருக்கம். ஏஞ்சலுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உன்ன வுட்டா எனக்கு யாருக்கா கீறா?”

ரோஸி துணியில் தண்ணீர் தெளித்து, அயர்ன் பாக்ஸை அதன் மேலாகப் பிடித்தாள். ஆவியில் அது இன்னும் சுருங்கியது.

கடையில் காட்ட, ஏஞ்சல் தன் ஆறு வயது மகள் ஷெர்லினுக்கே அதைப் போட்டுவிட்டாள். மூவரும் போனார்கள். கடைக்கார அம்மாள் வர நேரமானது. குழந்தை மூச்சு முட்டுகிறது என்றது. ஏஞ்சல் தொடையில் கிள்ளி நேராக நிற்கச் சொன்னாள். ரோஸி ஏசிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

கடைக்கார அம்மாள் வந்து சுருக்கத்தைத் தடவிப் பார்த்தாள். ரோஸியைவிட நன்றாகத் தைத்திருக்கிறாளே என்றாள். அப்போதுதான் குழந்தை நின்றபடியே வாந்தி எடுத்தது. கவுனைத் தலைவழியே உரித்தார்கள். மார்பிலும் முதுகிலும் வரி வரியாகச் சிவந்திருந்தது. வரிகள் கொஞ்சமும் கோணவில்லை.

“இது குழந்தைக்குப் போடற துணியா?”

கடைக்கார அம்மாள் கவுனைக் காலால் ஓரம் தள்ளினாள். ரோஸியே தைக்கட்டும், ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும் என்றாள்.

காரியத்தைக் கெடுத்ததற்காக ஏஞ்சல் தெருவில் வைத்துக் குழந்தையை அறைந்தாள். மறுநாள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஷெர்லினுக்குத் தேங்காய் எண்ணெய் தடவியது ரோஸிதான்.

“பெரிம்மா, நீ கையாலதான சுத்துவ?”

ரோஸியின் விரல் ஒரு சிவப்புக் கோட்டின் மேல் நின்றது. அழுத்தியது. குழந்தையின் முகம் கோணியது.

“அது வேற நூலு,” என்றாள் ரோஸி. “சொல்லு, இன்னா நூலு?”

“வேற நூலு, பெரிம்மா.”

ரோஸி விரலை எடுத்து, அடுத்த கோட்டுக்கு எண்ணெய் தொட்டாள்.