பின்னால் வந்த உப்பு லாரி

2005-ம் ஆண்டு, கோடைக்காலம். மரக்காணத்துக்கு வடக்கே எங்கள் ஊர். கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இடது கால் ஊனமான அவர், கோட்டக்குப்பத்தில் ஒரு துபாய்க்காரரிடம் வாங்கிய பழைய ஆட்டோமேட்டிக் காரைத்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கிளட்ச் கிடையாது, கீர் தானாக மாறும். அது ஓடினால்தான் நான் வீட்டை விட்டு வெளியே வருவேன்.

திடீரென்று கீர் மாற மறுத்தது. இன்ஜின் ஊரைக் கூட்டும், வண்டி மட்டும் ஊர்ந்துதான் போகும். உள்ளூர் மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்காமல் "கீர்பாக்ஸே போச்சு" என்றார். சென்னையில் இருக்கும் கொழுந்தனாருக்கு அது போதுமே! "ஞாயித்துக்கிழமை வர்றேன் அண்ணி, காயலான் கடைல போட்டுடலாம்" என்று போன் செய்துவிட்டார்.

விடுவேனா? புதுச்சேரியில் காட்டலாம் என்று தனியாகக் கிளம்பினேன். மரக்காணம் உப்பளம் தாண்டுவதற்குள் இன்ஜின் அலறிய அலறலில் பயந்து ஓரம் கட்டினேன். உச்சி வெயில். உப்பு வாருபவர்கள் காலையிலேயே முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் ஓட்டிய நாட்களில் நான் உட்கார்ந்து வரும் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

உப்பளப் பாதையிலிருந்து மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது, கிளட்சையே காணோம்!" என்றார். அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு இந்த மாதிரி வண்டி தெரியாதுங்க. ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தத்தைக் கேட்டுப் பாப்போம்" என்று தன் லாரியை அணைத்தார். பானெட்டைத் திறந்ததும் இருவருக்குமே கேட்டது, 'உஸ்ஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம். இன்ஜின் காற்றை இழுத்துக் கீரை மாறவைக்க, கீர்பாக்ஸுக்குப் போகும் ரப்பர் குழாயின் நுனி உப்பி வெடித்திருந்தது.

உப்புக்காற்றில் துரு ஏறாமல் இருக்க, எங்கள் பக்கத்தில் வண்டியின் இரும்புக்குக் கழிவு ஆயில் பூசுவோம். என் கணவர் செய்து வந்ததாயிற்றே என்று அந்த வருடம் நானே பூசினேன், ரப்பரையும் விட்டுவைக்காமல்!

"ரப்பருக்கு ஆயில் ஆவாதும்மா" என்றபடி வெடித்த நுனியை வெட்டிவிட்டுத் திரும்பச் செருகினார். "ஓட்டுங்க, பின்னாலயே வர்றேன்."

கொஞ்ச தூரத்திலேயே கீர் மாறியது. கோட்டக்குப்பம் வரை கண்ணாடியில் அந்த லாரி தெரிந்துகொண்டே இருந்தது. அவருக்கும் புதுச்சேரியில்தான் வேலை என்று நினைத்தேன். ஊருக்குள் நுழைந்ததும் ஹாரன் அடித்தார், லாரியைத் திருப்பினார், வந்த வழியே சென்னைப் பக்கம் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த கொழுந்தனாரை அதே காரில்தான் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன்.

தனியாக ஓட்டுவது இப்போது பழகிவிட்டது. ஆனாலும் அந்த உப்பளத்தைத் தாண்டும்போது, யாரும் வரவில்லை என்று தெரிந்தே, ஒருமுறை கண்ணாடியைப் பார்த்துக்கொள்கிறேன்.