ஒரு பதிகம் ஊறினால் போதும்

இராசேஸ்வரி அக்கா காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது, தோர்ண்டன் ஹீத்தில் என் வீட்டின் பின்புறக் கொட்டிலில் வெற்றுத் தோட்டாக் கோதுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "குணம் அங்கிள், அம்மா விடிய போயிட்டா" என்றார் தொலைபேசியில் அவருடைய மகள் மைதிலி. ஆறுதலாக ஏதோ சொன்னேன். ஆனால் அதற்கு முன் மனதில் ஓடியதை மறைக்கப்போவதில்லை. இனிச் சுடும் கழகத்தில் என்னுடைய கோதுகள்தான் மினுங்கும் என்று நினைத்தேன். அக்காமேல் எனக்கு அப்படியொரு பொறாமை. இந்த அஞ்சலியை எழுதச் சொல்லி என்னிடம் கேட்டவர்களுக்கு அது தெரியாது.

அக்கா ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை செய்தார். வெள்ளிக்கிழமைகளில் கோயில் குத்துவிளக்குகளைத் துலக்குவார். நான் பஸ் ஓட்டுகிறேன். குறிபார்த்துச் சுடும் கழகத்தில் பத்து வருடமாக நான் ஒருவன்தான் தமிழன். ஊரில் துவக்குக்குப் பயந்து இங்கே ஓடிவந்தவன் ஞாயிற்றுக்கிழமைகளில் துவக்குப் பிடிக்கப் போகிறானாம் என்று நம் சனம் சிரித்தது. நான் விடவில்லை, ஏனென்றால் அங்கே எனக்கென்று ஒரு மதிப்பு இருந்தது. விருந்தினர் நாளொன்றில் பகிடிக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனது என் சொந்தப் புத்தி. அன்றைக்கே குறியின் நடுவில் மூன்று ஓட்டை போட்டார். அடுத்த வருடம் அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டார்.

சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கோதை நாங்கள் எறிவதில்லை. கரி போகச் சுத்தம் செய்து, புதிதாக வெடிமருந்தும் ஈய ரவையும் நிரப்பி மீண்டும் பாவிப்போம். சுத்தம் செய்ய நான் ஓர் இயந்திரம் வைத்திருக்கிறேன், மணிக்கணக்கில் குலுக்கும். அக்காவுக்கு ஓர் ஊறுகாய்ப் போத்தல் போதும். பழப்புளித் தண்ணீரில் கோதுகளைப் போட்டு, ஒரு தேவாரப் பதிகம் பாடுவார். பதிகம் முடிந்ததும் எடுத்து நன்றாக அலசி, துவாயில் பரப்பிக் காயவைப்பார். கோயில் விளக்குக்குச் செய்வதும் இதைத்தான். கழகத் தலைவரான வெள்ளைக்காரக் கிழவர் என் பெட்டியைத் தாண்டிப் போய் அவருடைய கோதுகளைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பார். எனக்கு வயிறு எரியும்.

கேட்டிருந்தால் சொல்லித் தந்திருப்பார். கேட்க மனம் வரவில்லை. புளி என்பது மணத்திலேயே தெரிந்துவிட்டது, மிச்சத்தை நானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒருநாள் காலை கெட்டியாகக் கரைத்து, கோதுகளை ஊறப்போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால் எல்லாம் இளஞ்சிவப்பாக, புதுச் செம்புபோல இருந்தன. அக்காவுடையதைவிட அழகு என்று பூரித்துப்போனேன். நிரப்புவதற்கு முன் எல்லோருக்கும் காட்டவேண்டுமென்று, வெறும் கோதுகளாகவே ஞாயிறன்று கழகத்துக்குக் கொண்டுபோனேன்.

அக்கா என் பெட்டியை வாங்கி, ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மாறியது. அடுத்த கணம் பெட்டி அவர் கையிலிருந்து நழுவிச் சீமெந்துத் தரையில் கொட்டுண்டது. பொறுக்கக் குனிந்த அக்கா சப்பாத்துக் காலால் பாதியை மிதித்து நெளித்துவிட்டார். மிச்சத்தை வாரித் தன் பையில் போட்டுக்கொண்டார். "என்ர கைப்பிழை, தம்பி. என்ர கோதுகளை எடுங்கோ" என்று தன் பெட்டியை நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "புளியில ஒரு பதிகத்துக்கு மேல விடாதேங்கோ" என்றார்.

நான் அவர் பெட்டியைத் தொடவில்லை. புளியையும் விட்டு, பழையபடி இயந்திரத்துக்கே போனேன். அக்கா பொறாமை எரிச்சலில் மிதித்தார் என்று கோயிலிலும் கடையிலும் வருடக்கணக்காகச் சொல்லித் திரிந்தேன். அது அவர் காதுக்கும் போயிருக்கும். ஆனாலும் ஞாயிறுகளில் வழக்கம்போல என் காரில் ஏறி, சுகம் விசாரிப்பார்.

எட்டாம் நாள் சடங்குக்குப் போனபோது மைதிலி ஓர் ஊறுகாய்ப் போத்தலைத் தந்தார். உள்ளே என் சிவப்புக் கோதுகள். மேலே அக்காவின் கையெழுத்தில் ஒரு துண்டு: "குணம் தம்பியின்ர. கனநேரம் ஊறிப் பித்தளையின்ர பலம் போயிட்டுது. நிரப்பிச் சுட்டால் வெடிச்சு முகத்தில அடிக்கும். ஒருத்தரும் பாவிக்கவேண்டாம்."

"நேர சொல்லியிருக்கலாமே எண்டு அம்மாட்டக் கேட்டனான், அங்கிள்" என்றார் மைதிலி. "அத்தினை பேருக்கு முன்னால சொன்னால் அந்த மனிசன் தாங்காது எண்டவா."

என் கண்ணையும் முகத்தையும் காப்பாற்றியவரைப் பற்றித்தான் ஊரெல்லாம் குறை சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டும் வாய் திறக்காமல் இருக்க அவரால் முடிந்தது. என்னால் ஒருநாளும் முடிந்திருக்காது. வெட்கமாக இருக்கிறது. அதைவிட, இதிலும் அவரே என்னை முந்திவிட்டார் என்று இப்போதும் பொறாமையாக இருக்கிறது.

அவருடைய படத்துக்கு முன்னால் ஏற்றியிருந்த குத்துவிளக்கு மங்கிக் கிடந்தது. துலக்குகிறவர் இல்லையே. சடங்கு முடிந்து திரி அணைந்தபின் அதைச் சமையலறைக்குக் கொண்டுபோய்ப் புளி பூசி, எனக்குத் தெரிந்த ஒரே பதிகத்தை முணுமுணுத்தேன். பதிகம் முடிந்தபோது அடிப்பக்கத்தில் இன்னும் கறுப்பு இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் போய்விடும் என்று மனம் சொன்னது. அப்படி விடாமல் உடனே கழுவித் துடைத்து, படத்துக்கு முன்னால் வைத்து ஏற்றினேன்.

உங்களுடையதுபோல வரவில்லை, அக்கா. போய்வாருங்கள்.