நண்டு ஆபீசுக்கு மெயில் காவல்

எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை யாருக்கும் நம் முகம் ஞாபகம் வராது, ஓடாத அன்று வீடு தேடி வந்து நிற்பார்கள். கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழில் என்றால் அவ்வளவுதான். பிரிண்டருக்குள்ளிருந்து கரப்பான் எடுத்தவர்களும், "நெட் வரல" என்ற போனை நம்பி வண்டியை விரட்டிப்போய்க் கழன்று கிடந்த ஒயரைச் சொருகிவிட்டுத் திரும்பியவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

ஆரம்பம்

பொன்னேரி ஸ்டேஷன் பக்கம் சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். பழவேற்காட்டில் ஒரு நண்டுக் கம்பெனி என் வாடிக்கை. ஏரியில் பிடிக்கிற நண்டை உயிரோடு கட்டி, கூடையில் அடுக்கி, விமானத்தில் சிங்கப்பூருக்கு அனுப்புகிறவர்கள். முதலாளி ஏழுமலை அண்ணன். ஆபீசைப் பார்த்துக்கொள்வது தேவகி அக்கா, பசியாவரத்திலிருந்து தினமும் படகில் வருவார். ஊர் ஊராகப் போய் நண்டு எடுப்பது ஜெயராஜ். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மெயில்.

ஒருநாள் "உங்கள் பார்சல் வந்திருக்கிறது" என்று வந்த மெயிலை யாரோ திறக்க, ஆபீசில் இருந்த கம்ப்யூட்டர் அத்தனையும் பூட்டிக்கொண்டது. யார் திறந்தது என்பது இன்றுவரை தெரியாது, மூன்று பேருமே மற்ற இரண்டு பேரைக் காட்டுவார்கள். எல்லாவற்றையும் துடைத்துப் பழையபடி ஓட்டிக் கொடுத்துவிட்டு, "மெயிலுக்கு முன்னாடி ஒரு காவல் போட்டுடலாம் அண்ணா. வெளியிலிருந்து வர்ற ஒவ்வொண்ணையும் நிறுத்திச் சோதனை போட்டுத்தான் உள்ள விடும்" என்றேன். நான் இதுவரை அப்படி ஒன்றைப் போட்டதில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். ஐஸ் பேக்டரிக்காரரும் வலைக்கடைக்காரரும் இங்கே எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுத் தங்களுக்கும் போடச் சொல்வதாக இருந்தார்கள். இது தேறினால் எனக்குப் பிரிண்டரிலிருந்து விடுதலை. ஏழுமலை அண்ணன் யோசிக்கவே இல்லை.

"எங்க நைனா மொத மொத இஞ்சின் படகு வாங்குனப்ப அவருக்கும்தான் ஓட்டத் தெரியாது. கரைக்கு வந்து சேந்தாரா இல்லியா? நீ குந்து, ஆரம்பி."

ஏரிக்கே தெரிந்த ரகசியம்

மெயில் வரும் வழியை மாற்றுவதற்கு, கம்பெனியின் இணையப் பெயரைப் பதிவு செய்த இடத்தில் நுழைய வேண்டும். பாஸ்வேர்டு கேட்டேன். ஏழுமலை அண்ணன் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து, கரையில் கட்டியிருந்த தன் படகைக் காட்டினார். பக்கவாட்டில் முழ உயரத்துக்கு எழுதியிருந்த பதிவு எண்தான் பாஸ்வேர்டு. மெயிலுக்கும் அதுதான், பேங்குக்கும் அதுதான், வீட்டு வைஃபைக்கும் அதுதான். "மறக்கவே மறக்காது பாரு" என்று பெருமை வேறு.

எனக்குத் தலை சுற்றியது. பாஸ்வேர்டு என்பது யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டிய சமாச்சாரம், அதை ஏரி முழுக்க ஓட்டிக்கொண்டு போகக் கூடாது என்று தொண்டை வற்றப் பேசினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மறுநாள் காலையில் அவரே போன் பண்ணினார்.

"கவலைய வுடு சுமதி. எல்லாத்தையும் மாத்திட்டேன். இப்ப எங்க அண்ணன் படகு நம்பரு."

வழி மாறுது, வீடு மாறல

"அப்ப நம்ம மெயில் அட்ரஸ் மாறிடுமா?" என்பதுதான் அவர் அடிக்கடி கேட்ட கேள்வி. மாறாது என்றேன். "பின்ன இன்னாத்த மாத்துற?" என்றார். மெயில் முதலில் காவலிடம் போகும், அங்கிருந்து இங்கே வரும், அட்ரஸ் அதேதான் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரம் என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார். அங்கே மணல் மூடினால் ஏரிக்கு மீன் வராது, ஏரியை நம்பிய வீடுகளில் அடுப்பு எரியாது. நல்ல உதாரணமாக இருக்கிறதே என்று நானும் சந்தோஷமாக ஆமாம் போட்டேன்.

"ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். அங்க மணல் மூடினா கவர்மெண்டுக்கு மனு குடுப்பேன். இங்க மூடினா நேரா உன் கடைக்குதான் வருவேன்."

முதலில் மாட்டியவர்

காவல் வேலையை ஆரம்பித்த அன்று அது பிடித்துக் கொடுத்த முதல் குற்றவாளி ஏழுமலை அண்ணன். அவருக்குத் தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு ஒரு குட்மார்னிங் அனுப்பினால்தான் பொழுது விடியும். வாங்குகிறவர், விற்கிறவர், லாரிக்காரர், எப்போதோ ஒருமுறை விலை விசாரித்தவர் என்று உலகத்தில் யாரெல்லாம் அவருக்கு மெயில் போட்டார்களோ அத்தனை பேருக்கும் ஒரே தட்டில் அனுப்புவார். வெளியே போகிற மெயிலையும் இந்தக் காவல் பார்க்கும் என்பதை நான் சொல்ல மறந்திருந்தேன். ஒரே படம் இத்தனை பேருக்கா என்று அது அவர் மெயிலையே முடக்கிவிட்டது.

தேவகி அக்கா மேஜைக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டு சிரித்தார். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"என் கம்பெனி, என் கரண்டு, என் குட்மார்னிங். வேலைக்கு வச்ச வாட்ச்மேன் மொதலாளி சட்டையப் புடிக்கிறானே, இது இன்னா நாயம்?"

கத்துகிறவர் நல்லவர்

இந்தக் காவலுக்கு ஒரு புத்தி உண்டு. "அவசரம்", "இன்றே", "உடனே" என்று வந்தால் சந்தேகப்படும். முழுக்கப் பெரிய எழுத்தில் வந்தால் சந்தேகப்படும். ஆச்சரியக்குறி கூடினால் நிறுத்தியே வைத்துவிடும். ஊர் உலகத்துக்கு இது சரி. ஆனால் நண்டு வியாபாரத்தில் எல்லாமே அவசரம்தான். நண்டு வாங்குகிற சிங்கப்பூர்க்காரர் போனை எடுக்கவே மாட்டார், எல்லாம் எழுத்தில்தான், அந்த எழுத்தும் தொண்டை கிழியக் கத்துகிற மாதிரி இருக்கும். நானோ முதல்முறை போடுகிற ஆர்வத்தில் கெடுபிடியை உச்சத்தில் வைத்திருந்தேன். "நலமா, குடும்பத்தார் நலமா" என்று குழைந்த ஒரு திருட்டு மெயில் ராஜநடை போட்டு உள்ளே வந்தது. தேவகி அக்கா உஷாராகி அதைத் திறக்காமல் விட்டார். சிங்கப்பூர்க்காரரின் ஆர்டர் வாசலிலேயே மாட்டிக்கொண்டது.

மறுநாள்தான் தெரிந்தது. விமானம் போய்விட்டது. கட்டி வைத்த நண்டெல்லாம் கூடையில் துவண்டு கிடந்தது. ஷெட்டில் வேலை செய்கிற பெண்கள் செத்ததை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டார்கள், ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழுமலை அண்ணன் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இன்னொரு வாட்டி ஆர்டர் நின்னுச்சுன்னா இதக் கழட்டிடு. நீ பிரிண்டரே பாத்துக்க சுமதி."

பாடு

கெடுபிடியைக் குறைத்தேன். சிங்கப்பூர்க்காரரின் மெயிலை எப்போதும் உள்ளே விடும்படி எழுதி வைத்தேன். அவரோ உதவியாளரை மாற்றிக்கொண்டே இருப்பார், ஒவ்வொருவரும் புதுப்புது மெயிலிலிருந்து அனுப்புவார்கள். அதனால் காவல் நிறுத்தி வைத்த பட்டியலைத் தினமும் ஒருவர் பார்த்து, நல்லதை உள்ளே விட வேண்டும். மூன்று பேரையும் பார்க்கச் சொன்னேன். தேவகி அக்கா பார்த்திருப்பார் என்று ஜெயராஜ் விட்டுவிடுவார், ஜெயராஜ் பார்த்திருப்பார் என்று அண்ணன் விட்டுவிடுவார். பார்த்த அன்றைக்கு ஜெயராஜ், பாவம் இவ்வளவு தூரத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்களே என்று இரக்கப்பட்டு அத்தனையையும் உள்ளே விட்டுவிடுவார்.

தேவகி அக்காதான் வழி சொன்னார். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள், அதற்குப் பாடு என்று பெயர். ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை போட்டால் ஊர்க் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். அதையே இங்கேயும் வைத்தார்கள். திங்களும் வியாழனும் அக்கா. செவ்வாயும் வெள்ளியும் ஜெயராஜ். புதனும் சனியும் அண்ணன். அடுத்த வாரத்திலிருந்து ஒரு மெயில்கூடத் தவறவில்லை. பெரிய பெரிய ஆபீசில்கூட இந்தப் பட்டியலை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று தொழிலில் இருக்கும் சிநேகிதர்கள் புலம்புவார்கள், இங்கே மணி அடித்தாற்போல நடந்தது. அக்கா தன் நாளில் காலையில் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டுதான் பட்டியலைத் திறப்பார். எதற்கு இவ்வளவு தடபுடல் என்று கேட்டேன்.

"ஏரில பொம்பளைக்குப் பாடு கெடையாது சுமதி. என் வூட்டுக்காரருக்கு இருக்குது, என் கொழுந்தனுக்கு இருக்குது. எனக்குனு இருக்கறது இந்தத் திங்களும் வியாழனும்தான்."

செவ்வாய்க்கிழமை

யூ.பி.எஸ். பேட்டரி மாற்ற நண்டு ஆபீசுக்குப் போயிருந்தேன். அன்று செவ்வாய். தேவகி அக்கா என்னைக் கூப்பிட்டுப் பட்டியலைக் காட்டினார். புது மெயில் ஒன்று, முழுக்கப் பெரிய எழுத்தில், உயிர் நண்டு, பகலுக்குள் பதில் வேண்டும் என்று நிற்கிறது. ஜெயராஜ் காலையிலேயே ஏரிக்குள் போய்விட்டார், போன் கிடைக்கவில்லை. "நீங்க விடுங்கக்கா" என்றேன். "இன்னிக்கு ஜெயராஜ் பாடு" என்றார். சரி, நான்தானே போட்டேன், நானே விடுகிறேன் என்று மவுசில் கை வைத்தேன். அக்கா என் கைமேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார். "அவன் செவ்வாயில நீ கை வெச்சா, என் திங்கள்ல நாளைக்கு யார் வேணா வெப்பாங்க." ஏழுமலை அண்ணனிடம் ஓடினேன். அவரும் அதையே சொன்னார். பாட்டை உடைக்கவும் கூடாதாம், ஆர்டர் நின்றால் காவலையும் கழற்றிவிடுவாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரையே தூக்கி ஏரியில் போட்டிருப்பேன்.

கத்திவிட்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நான் போட்ட காவல் இத்தனை நாள் ஒழுங்காக ஓடுவது என் சாமர்த்தியத்தால் இல்லை, இவர்கள் முறையை முறையாக வைத்திருப்பதால்தான். அதை நானே உடைத்தால் நாளைக்கு மறுபடி யாரும் பார்க்காத பட்டியல்தான். "அண்ணா, படகை எடுங்க" என்றேன். காட்டூரில் வயலில் இறங்கி வளர்ந்தவள் நான், தண்ணீர் என்றால் முழங்காலுக்குமேல் பயம். படகின் விளிம்பைப் பிடித்த பிடியை விடவே இல்லை. பசியாவரத்துக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஜெயராஜ் நண்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கத்திச் சொன்னேன். "எல்லாம் பெரிய எழுத்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப அவருதான், வுடச் சொல்லு" என்றார். அங்கே என் போனில் கொஞ்சம் சிக்னல் கிடைத்தது, அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா என் வார்த்தையை ஏற்கவில்லை, ஜெயராஜ் குரலைக் கேட்க வேண்டும் என்றார். அவர் போனை வாங்கி, "அக்கா, இன்னிக்கி என் பாட்டை நீ எடுத்துக்க" என்று சொன்ன பிறகுதான் மெயில் உள்ளே போனது. பகலுக்குள் பதிலும் போனது, அன்று சாயந்திரமே நண்டும் போனது. படகிலேயே நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஜெயராஜ் பார்த்துவிட்டார்.

"ஒரு மெயிலுக்கா ஏரிக்குள்ள வந்தீங்க மேடம்? வலை எடுக்க வந்தவங்க மாதிரி இல்ல, வலைல மாட்டுனவங்க மாதிரி கீறீங்க."

சனிக்கிழமை

அந்த வாரமே மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். வெளியே போகிறவர் போவதற்கு முன்னால் தன் பாட்டை வாயால் சொல்லி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று முடிவானது. காவலைக் கழற்றுகிற பேச்சே எழவில்லை. ஐஸ் பேக்டரிக்காரர் மறுநாளே கூப்பிட்டு எப்போது வருகிறாய் என்றார். எல்லாம் முடிந்து நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, ஏழுமலை அண்ணன் தன் சனிக்கிழமையை எனக்குக் கொடுப்பதாகச் சொன்னார். பொன்னேரியில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாமாம். வேண்டாம் அண்ணா, நான் வெளியாள் என்றேன். அதற்குத் தேவகி அக்காதான் பதில் சொன்னார்.

"வாங்கிக்கோ. ஆனா கேட்டுக்கோ, அன்னிக்கு உன் பாடு. நாங்க கை வெக்க மாட்டோம். நண்டு செத்தாலும் வெக்க மாட்டோம்."

காட்டூரில் எங்கள் நிலமெல்லாம் அண்ணன்மார் பெயருக்குப் போய்விட்டது. ஆனால் பழவேற்காட்டில் சனிக்கிழமை என்று ஒன்று முழுசாக என் பெயரில் இருக்கிறது, அன்று என்னைக் கேட்காமல் ஒரு லாட்டரிப் பரிசு மெயில்கூட ஊருக்குள் நுழைய முடியாது.