குனிந்து நுழையும் வீடு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில், எங்கள் தாராவி வீட்டு வாசல் நிலையில் ஒரு தடவையாவது தலையை இடித்துக்கொள்ளாதவர் இருக்க மாட்டார். அந்த வீட்டைக் கட்டியவர் அம்மா. அவர் மறைந்து ஓராண்டு நிறைகிறது. வீடு எழுந்த விதத்தை மூன்று பிள்ளைகளில் நடுவில் பிறந்த மகளான நான் எழுதுகிறேன். அண்ணன் எழுத உட்கார்ந்தால் அழுதுவிடுவார். தம்பி பம்பாயில் படித்தவன், தமிழ் எழுத வராது.

அம்மா பிறந்தது திருநெல்வேலிச் சீமையில், நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். திருமணமான கையோடு அப்பா பம்பாய்க்குத் திரும்பிவிட்டார். தாராவியில் தோல் பதனிடும் கிடங்கில் அவருக்கு வேலை. விடுப்பில் வந்துபோகும் கணவராகத்தான் அம்மா அவரைப் பல ஆண்டுகள் அறிந்திருந்தார். உலக யுத்தம் முடிந்த சமயம் அம்மா, "இனி இருந்தா எல்லாரும் ஒரே எடத்துலதான்" என்று எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

அப்பா பலரோடு ஓர் அறையில் ஒண்டியிருந்தார். எங்களுக்கு அங்கே இடமில்லை. சதுப்பை ஒட்டி, யாருக்கும் வேண்டாத ஒரு துண்டு நிலம் கிடந்தது. அதைக் காட்டி அப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

"ஏளா, கட்டிப் பாரு. மழைக்கு நின்னுட்டா இருங்க. நிக்கலன்னா புள்ளையளக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிரணும்."

"நீங்க வேலைக்குப் போங்க. வீட்ட நாங்க பாத்துக்கிடுதோம்."

அந்த 'நாங்க'வில் நாங்களும் அடக்கம் என்பது மறுநாள் விடிந்ததும் தெரிந்தது.

தோல் பதனிட ஊறவைத்த மரப்பட்டை, சாறு இறங்கியபின் கிடங்கின் பின்னால் குவிந்து கிடக்கும். கேட்டவர்கள் அள்ளிக்கொள்ளலாம். பள்ளத்தை நிரப்ப அதுவே போதும் என்று அம்மா முடிவு செய்தார். அண்ணனும் நானும் கூடையில் சுமந்து கொட்டினோம், தம்பி மேலே ஏறிக் குதித்து மிதித்தான். வெயிலில் காய்ந்து தரை இறுகிவிட்டது. துறைமுகத்துப் பெட்டிப் பலகைகளில் சுவர், மேலே தகரம். வளைந்த ஆணிகளை நிமிர்த்துவது என் வேலை. நிலை மட்டும் தேக்காக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, மாஹிமில் இடித்த ஒரு வீட்டின் பழைய நிலையை அம்மா வாங்கி வந்தார். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, அடியில் நவதானியம் போட்டு நட்டபோது எங்கள் மூவரையும் அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"நீங்க புடிச்சு நட்ட வாசல். சாயாது."

சாய்ந்தது. மழை தொடங்கிய வாரத்திலேயே பட்டைச் சக்கை தண்ணீர் குடித்து, புளித்த மாவைப்போல் பொங்கியது. பிறகு அப்படியே அமிழ்ந்தது. நிலை ஒரு பக்கம் இறங்கிக் கதவு சாத்த முடியாமல் போயிற்று. அப்பா திட்டவில்லை. ஊருக்குப் புறப்படவிருந்த மாமா ஒருவரிடம் எங்களையும் அழைத்துப்போகச் சொல்லிவிட்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை. அம்மா எப்போதும்போல் சமைத்தார், பரிமாறினார். அப்பாவை மறுபடி பிரிய வேண்டுமே என்று நான் அவர் பக்கத்திலேயே பாயை விரித்துக்கொண்டேன்.

அதற்கிடையில் தண்ணீர்ப் பானை உடைந்துவிட்டது. வேறு வாங்கிவரக் குயவர் தெருவுக்கு அம்மா என்னை அனுப்பினார். திரும்பி வந்தபோது என் காலில் கருஞ்சேற்றோடு சிவப்புத் தூளும் ஒட்டியிருந்ததைக் கவனித்தார்.

"அங்க சேறு இல்லையாட்டி?"

"இல்லம்மா. தெரு பூரா ஒடஞ்ச பானை ஓடுதான். எவ்வளவு மழ பேஞ்சாலும் கால் புதையல."

அம்மா கூடையோடு கிளம்பிவிட்டார். எனக்குப் பானை விற்ற குஜராத்திக் குயவர் வீட்டம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இந்தி தெரியாது. அம்மா உடைந்த ஓட்டையும் தம் கூடையையும் மாறி மாறிக் காட்டினார். "லே ஜாவ், பெஹன்" என்று அந்தப் பெண் சூளையோரக் குவியலைக் காட்டி, அள்ளிக்கொள்ளுமாறு சைகை செய்தார். மாமா புறப்படுவதற்குள் பட்டையை வாரி எறிந்து, ஓட்டுச் சில்லைக் கொட்டி, நிலையை நெம்பி நிமிர்த்தினோம். மழை விடவே இல்லை. அண்ணனின் உள்ளங்காலைச் சில்லு கிழித்தது. தழும்பை இன்றும் கேட்காமலே காட்டுவார்.

அப்பா வந்தார். கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார்.

"மாமாவ மட்டும் ரயிலேத்திட்டு வந்திருதேன்" என்றார். அம்மா அடுப்பருகே திரும்பி உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சதுப்பு சும்மா இருக்குமா? வீடு கொஞ்சங்கொஞ்சமாக இறங்கும். மழைக்கு முன் சில்லு கொட்டித் தரையை உயர்த்துவோம். பின்னாளில் சுவர் செங்கல்லாயிற்று, கூரையும் உயர்ந்தது. நிலையைப் பெயர்த்து உயர்த்த மட்டும் அம்மா விடவில்லை. "எம் புள்ளைய மூணும் புடிச்சு நட்டதுல்லா" என்பார். வாசல் குட்டையாகிக்கொண்டே வந்தது. யார் வந்தாலும் உள்ளிருந்து, "தலை, தலை, பாத்து வாங்க" என்று குரல் கொடுப்பார். தம்பி வாஷியில் வீடு வாங்கி அம்மாவை அழைத்துப்போனான். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார். "அங்க யாரும் இடிச்சுக்கிட மாட்டேங்காவ" என்பதே அவர் சொன்ன காரணம். கடைசி மாதங்களில் கண் மூடிப் படுத்திருக்கும்போதும், காலடிச் சத்தம் கேட்டால் உதடு "தலை" என்று அசையும்.

சில்லு தந்த குயவர் குடும்பத்தாருக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு வந்த மருத்துவருக்கும், மாறி மாறிக் கண்விழித்த அண்டை வீட்டுப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. அம்மாவைச் சுமந்த நால்வருக்கும் தனியே சொல்ல வேண்டும். தோள் உயரத்தில் பாடை வாசலைக் கடக்காது என்று அவர்கள் அதை இடுப்பளவுக்கு இறக்கிக் குனிந்து நின்றார்கள். வீட்டுக்குள்ளிருந்து வர வேண்டிய குரல் வரவில்லை. வெளியே நெருப்புச்சட்டியோடு நின்ற அண்ணன் திரும்பிப் பார்த்து, "தலை, தலை, பாத்து வாங்க" என்றார்.

அன்று ஒருவரும் இடித்துக்கொள்ளவில்லை.