அண்ணனுக்காக மாற்றிய ரோபோ

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பத்தாவதோடு படிப்பை விட்டவன். வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையில், மற்றவர்கள் சொல்லச் சொல்ல மனு டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. சொந்தமாக எழுதுவது இதுவே முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் லாரி ஓட்டினார். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றிச் சென்னைக்குப் போவார். நான் பள்ளியில் படித்த காலத்தில், ஒரு சவாரி முடிந்து வரும்போது எனக்கு ஒரு ரோபோ வாங்கி வந்தார். தகர உடம்பு, நெஞ்சில் சிவப்பு விளக்கு. ஒயர் ரிமோட்டில் பொத்தானை அமுக்கினால் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும்.

போன வருடம் லாரி கவிழ்ந்ததில் அவருக்குக் கழுத்து நரம்பில் அடி. கழுத்துக்குக் கீழே இடது கை விரல்கள் மட்டும் லேசாக அசையும். அவற்றை அசைத்துக்கொண்டே இருந்தால்தான் அதுவாவது நிலைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் அசைக்கவில்லை.

“இன்னாத்துக்குடா அசைக்கணும்? அசைச்சா இன்னா ஆவப்போவுது?”

அசைத்தால் ஏதாவது ஒன்று ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பரண் மேல் இருந்த ரோபோவை இறக்கினேன். ரிமோட் பொத்தானை அமுக்க அவர் விரலில் பலம் போதாது. கீபோர்டு கட்டை என்றால் தொட்டாலே போதும். கடையில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிவந்தேன்.

போனில் வீடியோ பார்த்துத்தான் செய்தேன். முதலில் ஒயரைப் பற்றவைக்கும் ஈயம் ஒட்டவே இல்லை, விரல்தான் சுட்டது. ரிமோட்டைப் பிரித்து, பொத்தானுக்குப் பதில் ரிலே என்ற சின்ன சுவிட்சை வைத்து, அதை ஒரு சர்க்யூட் போர்டு வழியாகக் கம்ப்யூட்டரில் இணைத்தேன். புரோகிராமை எழுத்துக்கு எழுத்துப் பார்த்து அடித்தேன். பாதி புரியவில்லை. டைப் அடிப்பது மட்டும் தெரியும்.

சிறுநீர் டியூப் சொருகிய உடம்போடு அண்ணன் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். “அதுக்கும் டியூபு சொருவிட்டியாடா? நானும் அதுவும் நல்ல ஜோடி” என்றார் ஒருநாள்.

ஆயுத பூஜை அன்று காலையில் அவரே கூப்பிட்டார். “பூஜை போட வண்டி இல்ல. அந்த ரோபோவ வையி. நான் ஸ்டார்ட் பண்றேன்.”

அண்ணி ஓடி ஓடி வேலை செய்தார். ரோபோவைத் துடைத்துப் பூ வைத்தார். லாரிக்குச் செய்வதுபோலவே அதன் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். கம்ப்யூட்டர், கீபோர்டு, போர்டு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டார். எங்கள் வீட்டில் பூஜைக்கு வைக்கும் எந்தச் சாமானையும் பொட்டு இல்லாமல் விடுவதில்லை. போர்டில் இட்டதை நான் கவனிக்கவில்லை. கற்பூரம் காட்டியதும் சுவிட்சைப் போட்டேன். அண்ணனின் விரலைக் கீபோர்டு அருகே வைத்தேன்.

விரல் மெல்ல நகர்ந்தது. கட்டையைத் தொட இன்னும் கொஞ்சம் இருந்தது. அதற்குள் ரிலே ‘டிக்’ என்றது. ஈரச் சந்தனம் போர்டின் இரண்டு கம்பி முனைகளைச் சேர்த்து மின்சாரம் பாயவிட்டிருக்கிறது. ரோபோ தானாக நடந்து, பழத்தில் இடித்து, குப்புற விழுந்து காலைத் தேய்த்துக்கொண்டே கிடந்தது. நான் ஒயரைப் பிடுங்கினேன்.

அண்ணி கை தட்டினார். கண்ணெல்லாம் தண்ணீர். “பாத்தியா தம்பி, உங்கண்ணன் அமுக்கிட்டாரு.”

“நான் அமுக்கலடி” என்றார் அண்ணன்.

“சும்மா இருங்க. நான்தான் பாத்தேனே.”

அவர் என்னைப் பார்த்தார். சந்தனம்தான் காரணம் என்று அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “இன்னொருவாட்டி பாக்கலாம்ணா” என்றேன்.

“எதுக்கு? நான் இல்லாமயே நடக்குது, போ.”

விரலை இழுத்துக்கொண்டார். அந்தச் சின்ன அசைவுக்கு வெகுநேரம் ஆனது.

மறுநாள் போர்டைத் துடைத்துக் காயவைத்தேன். நன்றாக வேலை செய்தது. ஆனால் அண்ணன் கீபோர்டைக் கட்டிலை விட்டு எடுக்கச் சொன்னார். எடுத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.