இடுக்கில்லாத அறை

பயப்படுவதில் எனக்கு ஊரெல்லாம் பெயர். குக்கர் விசில் கொஞ்சம் மாறி அடித்தால் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுவேன். வைகை அணைக்குப் போனால் பூங்காவோடு சரி, மதகுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். "இவரக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு முயலக் கட்டியிருக்கலாம், அதாச்சும் சத்தம் போடாம பயப்படும்" என்று என் மனைவி சொந்தக்காரர்களுக்கு முன்னாலேயே சொல்லுவாள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்து வைப்பேன். அப்படிப்பட்ட நான் ஒரு நாள் காலையில் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் பயந்துகொண்டு நின்றேன்.

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது சித்திரை வெயில். பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டுக்குச் சுற்றிலும் மலை தெரியும். தெரிந்து என்ன, காற்று ஆனியில்தான் இறங்கி வரும். கீழே கடைக்கு விட்டுவிட்டு மாடியில் குடியிருக்கிறோம். தளம் பகலெல்லாம் குடித்த வெயிலைப் பொழுது சாய்ந்ததும் எங்கள் தலையில் கொட்டும். பிள்ளைக்குக் கழுத்து, முதுகு, தொடை இடுக்கு எல்லாம் வேர்க்குரு. அழுது அழுது அதன் குரலே கம்மிப்போயிற்று. அது அழுதால் மகளும் கூட அழுதாள்.

ஏசி போடலாம் என்று நான் சொன்னதும் மனைவி குதித்தாள்.

"பச்ச ஒடம்புக்காரிக்கு ஏசியா? எங்க அக்கா போன்லயே வையிறாக. குளிரு ஏறுச்சுன்னா ஆயுசுக்கும் இடுப்பு வலிதான்."

இரண்டு நாள் சண்டை. பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். ஏசி ஓடட்டும். ஆனால் தினமும் தாய்க்கும் பிள்ளைக்கும் தண்ணீர் ஊற்றியதும், அந்த அறையிலேயே சாம்பிராணி போட்டு, கங்கு உள்ள தூபக்காலை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்துவிடுவாள். ஏசிக் குளிருக்கு அந்தச் சூடு சரியாகப் போய்விடும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஏசி வெளியிலிருந்து நல்ல காற்றை இழுத்து உள்ளே விடுகிறது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன், எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஏசி வாங்கிய கடையில் ஆள் அனுப்ப நாளாகும் என்றார்கள். வெயில் காலம், மாட்டுகிறவர்களுக்கு ஏகக் கிராக்கி. கீழ்க் கடைக்காரர்தான் உத்தமபாளையத்து பாய் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தார். நடுவயது ஆள், பைக்கின் பின்னால் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். குமுளிப் பக்கம் லாட்ஜுகளுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தவராம். அறைக்குள் வந்ததும் சுவரைப் பார்க்கவில்லை. சாமி மாடத்திலிருந்து ஒரு ஊதுபத்தி வாங்கிக் கொளுத்தி, ஜன்னல் ஓரம், கதவுக்கு அடியில், மேலே வெண்டிலேட்டர் எல்லாவற்றிலும் காட்டிக்கொண்டே போனார். புகை வளைந்து ஆடிய இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார்.

"இங்கன எல்லாம் குளிரு ஓடிரும் சார். கரண்டு பில்லு கட்டி மாளாது. அடைச்சுரட்டா?"

"அடைங்க பாய், ஒரு இடுக்கு விடாதீங்க" என்றேன். எனக்குக் கொசுப் பயம் வேறு.

வெண்டிலேட்டருக்குத் தெர்மகோல் வெட்டி வைத்தார், ஜன்னல் கண்ணாடிக்குச் சிலிகான் போட்டார், கதவுக்கு அடியில் ரப்பர் அடித்தார். கடைசியில் இன்னொரு ஊதுபத்தி. புகை கம்பி மாதிரி நேராக ஏறியது.

"நிமிந்து நிக்குது பாருங்க. இனி உள்ள பிள்ள அழுதாக்கூட வெளிய கேக்காது."

எனக்குப் பரம சந்தோஷம். இனி நாமும் நிம்மதியாகத் தூங்கலாம் என்று மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

அவுட்டோர் யூனிட்டை மாட்டும்போதுதான் என் பயம் ஆரம்பித்தது. பால்கனிக்கும் படுக்கையறை ஜன்னலுக்கும் நடுவில் உள்ள வெளிச்சுவரில் அதை மாட்ட வேண்டும். நிற்பதற்குக் கீழ்க் கடைக்கு மேலே உள்ள சன்ஷேடுதான் இடம். பாய் பால்கனிக் கம்பியைத் தாண்டி அதில் வெறும் காலோடு நடந்தார். கீழே தார் ரோடு, வாழைத்தார் லாரி. எனக்கு உள்ளங்கால் கூசியது. கயிறு கட்டாமல் வேலை செய்யக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றேன். "நான் என்ன சின்னப் பிள்ளையா சார்" என்று சிரித்தார். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும். மொட்டைமாடியில் கிடந்த நைலான் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டார். மறுமுனையைப் பால்கனித் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி நான் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கீழ்க் கடைப் பலகையில் தண்ணீர் சொட்டுகிறது என்று புகார் வந்தது. போன் போட்டதும் பாய் வந்துவிட்டார். தண்ணீர் வடிகிற டிரெயின் பைப்பின் சரிவு சரியில்லை, ஒரு நிமிச வேலை என்று மறுபடியும் சன்ஷேடில் இறங்கினார். மறுபடியும் கயிறு, மறுபடியும் நான்.

உள்ளே அப்போதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் குளியல் முடிந்திருந்தது. மனைவி தூபக்காலில் கொட்டாங்கச்சிக் கங்கு நிறையப் போட்டு, சாம்பிராணி தூவி, பிள்ளைக்குக் காட்டினாள். மகளின் ஈரத் தலைக்கும் பிடித்தாள். சொன்னபடியே தூபக்காலைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, பூண்டுக் கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போனாள். வெளியே ஆண் ஆள் நடமாட்டம் இருக்கிறதே, பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டுமே என்று மகள் கதவை உள்ளே தாழ் போட்டு, ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிச வேலை இழுத்துக்கொண்டே போனது. பைப்பைக் கழற்றி, கிளாம்ப் அடித்து, மறுபடியும் கழற்றினார். நான் கயிற்றை விடாமல் அவருடைய குதிகாலையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கேயும் என் கண் போகவில்லை.

உள்ளே கதவு தட்டும் சத்தம் கேட்டது. மனைவி மகளைக் கூப்பிட்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டாள். அசந்து தூங்கியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். பிறகு தட்டுவது மாறியது. இரண்டு கையாலும் அடித்தாள்.

"ஏங்க! கதவத் தொறக்க மாட்டேங்கிறா. சத்தமே இல்லங்க!"

பிள்ளைகூட அழவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அழுதாலும் கேட்காது என்பது அப்போதுதான் உறைத்தது. ஓட வேண்டும். ஆனால் கையில் கயிறு. கயிற்றின் அந்த முனையில் ஒரு மனிதர் பைப்பை எட்டிப் பிடிக்கப் பாதி உடம்பை வெளியே சாய்த்திருந்தார். விட்டால் அவர் விழுவார். விடாவிட்டால் உள்ளே என்ன என்று தெரியாது. அந்த நேரத்தில் நான் பட்டதை எந்த எதிரியும் படக் கூடாது. கடைசியில் கத்தினேன்.

"பாய்! ஜன்னல்! ஜன்னல உடைங்க! உள்ள எம்மக இருக்கா, கங்கு இருக்கு!"

அவர் திரும்பி ஒரு முறை என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் நாலு எட்டு வைத்தார், கயிறு விறைத்து இழுத்தது. நீளம் பத்தவில்லை. அவுட்டோர் யூனிட்டைத் தாண்ட அது விடவில்லை.

என் கையில் கயிறு திடீரென்று லேசானது. அவர் முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

விழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் கண் திறந்தது, கால் நகர்ந்தது.

நானும் மனைவியும் சேர்ந்து கதவில் மோதினோம். இரண்டாம் மோதலில் தாழ்ப்பாள் ஆணியோடு பிய்ந்து வந்தது. மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில், தொட்டிலை நோக்கிக் கையை நீட்டியபடி கிடந்தாள். எழுந்து வரப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. தொட்டிலில் சத்தமே இல்லை. உடைந்த ஜன்னல் வழியாக, கிரில் கம்பிக்குள் கையை விட்டுத் திரையைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தார் பாய். முழங்கை வரை ரத்தம்.

"வெளிய தூக்கிட்டு வாங்க சார்! பால்கனிக்கு! பாத்துக்கிட்டு நிக்காதீக!"

மனைவி பிள்ளையை அள்ளினாள். நான் மகளை இழுத்தேன். தூக்கினேன் என்று சொல்ல ஆசைதான், இழுத்தேன். பால்கனிக் காற்று பட்டதும் மகள் வாந்தி எடுத்தாள். "தலை வலிக்குதுப்பா" என்றாள். ஆனால் பிள்ளை? மனைவி அதன் உள்ளங்காலைத் தேய்த்தாள், முதுகைத் தட்டினாள், ஊதினாள், குலதெய்வத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். நான் பார்க்கவில்லை. தரையில் கிடந்த கயிற்றைக் கையில் எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஏன் சுருட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அது அழுதது. கம்மிய குரலில், பூனைக்குட்டி மாதிரி. நான் கயிற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். அடைத்த அறையில் கரிக் கங்கு வைத்தீர்களா என்றுதான் டாக்டரம்மா முதலில் கேட்டார். ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வராது, உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றி விடும், கங்கு விடும் விஷவாயு வெளியேற வழியே இல்லை என்றார். அன்றைக்கு ராத்திரி மனைவி சாப்பிடவில்லை. யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. இடுக்கு விடாதீர்கள் என்று சொன்னவன் நான்தானே.

வீடு திரும்பிய பிறகு பாய் வந்தார், கையில் கட்டோடு. எங்களைவிட அவர் முகம்தான் வெளிறிக் கிடந்தது.

"டாக்டரு என்ன சொன்னாக சார்?"

"ரெண்டு பேரும் நல்லாயிருக்காக, பாய்."

"அல்லா காப்பாத்துனான்" என்று நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். "அடைச்சது நானு. ரெண்டு நாளா கண்ண மூட முடியல." கயிற்றை அவிழ்த்ததைப் பற்றி நான் பேச்செடுத்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வெண்டிலேட்டரில் இருந்த தெர்மகோலை உருவி எடுத்துவிட்டு, ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி அளவெடுக்க டேப்பை நீட்டினார். நான் தடுத்தேன். மேல் பாதிக்குக் கண்ணாடி வேண்டாம், கொசுவலை மட்டும் அடித்துவிடுங்கள் என்றேன்.

"குளிரெல்லாம் ரோட்டுக்குப் போயிரும் சார்."

"போகட்டும் பாய்."

போய்க்கொண்டுதான் இருக்கிறது. மனைவி இப்போது தூபக்காலைப் பால்கனியில் வைத்துத்தான் பிள்ளைக்குப் புகை காட்டுகிறாள். பக்கத்தில் ஒரு விசிறியும் வைத்துக்கொண்டு, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இப்போதெல்லாம் அவள் என்னை முயல் என்பதில்லை. மகள் உள்ளே இருந்து, "அப்பா, ஏசி போட்டும் வேர்க்குதுப்பா" என்று சலித்துக்கொள்வாள். "கொஞ்சம் வேர்க்கட்டும் ஆத்தா" என்பேன்.

பால்கனியில் அந்த ஜன்னலுக்குப் பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். வலை வழியாகப் பிள்ளை அழுவது நன்றாகக் கேட்கிறது. அது அழுதுகொண்டிருக்கும் வரைக்கும் பேப்பர் படிக்கிறேன். அழுகை நின்றால்தான் எழுந்து ஓடுகிறேன்.